முத்துசெல்வியின் மூக்கு

தென்காசி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிறது நிலா கலர் லேப். கல்யாண வீட்டு ஆல்பம் அடிக்கிற இடம். படங்களைத் திருத்தும் கடற்கரைக்கு அங்கே இது முப்பதாவது வருஷம். போட்டோகிராபர்கள் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் கடற்கரை பத்துப் பேருக்குப் பரு எடுத்து, நாலு பேருக்குத் தொப்பையைக் குறைத்து, மூக்கு சரியில்லாதவர்களுக்கெல்லாம் மூக்கைச் சரி பண்ணி வைத்திருப்பார். யாரும் கேட்டு அவர் செய்வதில்லை. "கேக்கவா செய்யணும்? கண்ண உறுத்துதுல்லா" என்பார்.

அதிலும் நுனி உருண்டையாக ஒரு மூக்கைப் பார்த்துவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். இரண்டு பக்கமும் மவுஸை வைத்து லேசாக உள்ளே தள்ளுவார். நுனியை ஒரு தட்டுத் தட்டி மேலே ஏற்றுவார். எட்டு விநாடி வேலை. பெண்ணைப் பெற்றவர்கள் ஆல்பத்தைப் புரட்டிப் பூரித்துப் போவார்கள். அது முழுக்கத் தங்கள் பிள்ளை இல்லை என்பது கடற்கரைக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. சரி பண்ணிய படத்தை அதே பெயரில், பழைய படத்தின் மேலேயே சேவ் பண்ணிவிடுவார். லேப்பில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதில் இடம் கொஞ்சம்தான். "ஒரு படத்துக்கு ரெண்டு காப்பி வச்சா மெஷினு படுத்துரும் கடற்கரை" என்று முதலாளி அகமது கபீர் அன்றைக்குச் சொன்னார். பிறகு எத்தனையோ மெஷின் மாறிவிட்டது, இடத்துக்கும் பஞ்சமில்லை. கடற்கரையின் விரல் மட்டும் மாறவில்லை. பழைய முகம் அன்றோடு தொலைந்துவிடும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்த வேலை நெகட்டிவில் நடந்தது. லென்சை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, பென்சிலால் தீட்டியும் பிளேடு நுனியால் சுரண்டியும் முகத்தைச் சரி பண்ணுவார்கள். கடற்கரை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், இலஞ்சியிலிருந்து ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுக்கத் தன் மகளைக் கூட்டிவந்தார். மகள் பெயர் முத்துசெல்வி. நல்ல கண், நல்ல நெற்றி, மூக்கு மட்டும் நுனியில் மாவை உருட்டி ஒட்டியதுபோல் இருந்தது. கடற்கரை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுரண்டி, அந்த உருண்டையை இல்லாமல் ஆக்கினார். படத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்ன செங்கோட்டைக்காரர்கள், பெண்ணை நேரில் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள். முத்துசெல்வியின் அப்பா லேப் வாசலில் நின்று கடற்கரையின் மானத்தை வாங்கிவிட்டார்.

மன்னிப்புக் கேட்க இலஞ்சிக்குப் போன கடற்கரை, மன்னிப்போடு பெண்ணையும் கேட்டுவிட்டு வந்தார். செய்த தப்புக்குப் பரிகாரம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. லென்சுக்கு அடியில் ஒரு மணி நேரம் பார்த்த அந்த மூக்கு அவர் மனசை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு, காலையில் எழுந்ததும் அந்த நுனியை இரண்டு விரலால் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் டீ கேட்பார்.

இத்தனை ஆசை வைத்த மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? படத்திலும் அதை விட்டுவைத்திருக்க வேண்டும். அவரோ வளைகாப்புப் படமாகட்டும், மகளுக்குக் காது குத்திய படமாகட்டும், மனைவி முகம் கைக்கு வந்ததும் வேற்று ஆள் முகத்துக்குச் செய்கிற அதே வேலையைச் செய்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகு எட்டே விநாடி.

"நேர்ல பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. போட்டோல மட்டும் ஏன் வெட்டுதீங்க?" என்று முத்துசெல்வி ஒருநாள் கேட்டாள்.

"வெட்டலட்டி. லைட்டு சரியில்ல, அதத்தான் சரி பண்ணுதேன்."

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் வேறு யார் போனை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "என்னைய எடுக்காதிய. எங்க வீட்டுக்காரரு எடுத்தாத்தான் நல்லாருக்கும்" என்பாள். மகள் செல்பி எடுக்க வந்தால்கூட முந்தானை மூக்கு வரைக்கும் ஏறிவிடும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் முத்துசெல்வி ஒன்பது நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பொட்டலமாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க விடவில்லை. மூன்றாம் நாள் கடற்கரை லேப்பைத் திறந்து உட்கார்ந்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தானே செய்தார். அழுதுகொண்டேதான் செய்தார். முன்னமே சரி பண்ணிய படம்தான் அது. ஆனாலும் போஸ்டருக்குப் பெரிதாக்கியதும் நுனியில் இன்னும் கொஞ்சம் உருண்டை மிச்சம் இருப்பதாகப் பட்டது. கை தன் பாட்டுக்குப் போய் அதையும் எடுத்துவிட்டது. குத்துக்கல்வலசையில் அவர் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

மகள் குழல்வாய்மொழிக்கு இப்போது இருபத்தாறு வயசு. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. கண்ணும் நிறமும் அப்பாவுடையவை, மூக்கு அப்படியே அம்மாவுடையது. கூடுதலாக அதன் இடது பக்கத்தில், சின்ன வயசில் அம்மை போட்டபோது விழுந்த ஒரு குழித் தழும்பு. அவளுடைய முதல் பிறந்தநாள் படத்திலிருந்து கல்லூரி அடையாள அட்டைப் படம் வரைக்கும் எல்லாம் அப்பா கையில் ஆனவை. படமென்றால் அப்படித்தான் இருக்கும், கண்ணாடி என்றால் இப்படித்தான் இருக்கும் என்றே வளர்ந்தாள்.

வரன் பார்க்க ஆரம்பித்ததும் கடற்கரை வழக்கம்போல ஒரு படம் செய்து தரகருக்கு அனுப்பினார். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அக்கா காபித் தட்டோடு வந்த பெண்ணைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, போனைக் குழல்வாய்மொழியின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது யாரு போட்டோ?" என்றாள்.

"நம்ம பிள்ளதாம்மா."

"மூக்கு வேறல்லா இருக்கு. போட்டோவே பொய்யின்னா மத்ததையெல்லாம் எப்படி நம்புதது?"

கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அடுத்த மாதம் சுரண்டையிலிருந்து வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் போனில் அதையே சொன்னார்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இலஞ்சி வீட்டில் நடந்தது இங்கே வரி பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. வேறு மனிதனாக இருந்தால் முதல் தடவையிலேயே புத்தி வந்திருக்கும்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கபீர் பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், குழல்வாய்மொழி லேப்புக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மதுரைக்குப் போயி மூக்கு டாக்டர் ஒருத்தரப் பாத்துட்டு வந்துட்டேன். நுனிய மட்டும் சின்னதாக்கலாமாம். நடுவுல லேசா கீறி, உள்ள இருக்க குருத்தெலும்பச் செதுக்கித் தைப்பாங்களாம். அடுத்த மாசம் நாள் தாரேன்னு சொல்லிருக்காரு."

கடற்கரை கையிலிருந்த மவுஸை விட்டுவிட்டார். "என்னட்டி சொல்லுத? முகத்துல கத்தி வைக்கதா? ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"எப்படி வேணும்னு ஒரு மாதிரி கேட்டாரு. நீங்க தரகருக்கு அனுப்புன படத்தத்தான் காட்டினேன். இது ரொம்ப நல்லா வரும், யாரு பண்ணுனதுன்னு கேட்டாரு. எங்கப்பான்னு சொன்னேன்."

அந்த மூக்கு போனால் அவளோடு அது போகிற விஷயமா? முத்துசெல்வியின் மூக்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இந்த ஒரு முகத்தில்தான். மகள் குனிந்து கோலம் போடும்போது, தும்மும்போது, கோபத்தில் நுனி சிவக்கும்போது, மூன்று வருஷமாக அவர் யாருக்கும் சொல்லாமல் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உங்கம்மா மூக்குட்டி" என்றார். "எனக்கு அத ரொம்பப் பிடிக்கும்ட்டி."

குழல்வாய்மொழி அவரையே பார்த்தாள். "பிடிக்குமா? அப்பம் ஒரு படம் காட்டுங்க. ஒரே ஒரு படம். அதுல அம்மா மூக்கு அம்மா மூக்கா இருக்கணும். காட்டுனீங்கன்னா நான் மதுரைக்குப் போகல. சத்தியமாப் போகல."

"அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டார் கடற்கரை. அவள் போன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஒரு வாரம் தேடினார். லேப்பில் உள்ள ஹார்ட் டிஸ்க் அத்தனையையும் திறந்தார். தேதி வாரியாக எல்லாம் இருந்தது, மூக்கு ஒன்றிலும் இல்லை. இலஞ்சிப் படத்தின் நெகட்டிவ் கிடைத்தது. அவர் பிளேடு சுரண்டிய இடம் சுரண்டியபடியே இருந்தது. ஆதார் அட்டையில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த ஒரு திட்டுதான். வாக்காளர் அட்டை அதற்கும் மோசம். சொந்தக்காரர் வீட்டு விசேஷ ஆல்பங்களையெல்லாம் போய்ப் புரட்டினார். அத்தனையும் நிலா கலர் லேப்பில் அடித்தவை. போன இடமெல்லாம் அவருக்கு முன்னால் அவரே போயிருந்தார்.

கடைசியாக ஏசுதாசன் ஞாபகம் வந்தான். குற்றாலம் மெயின் அருவியில் சீசனுக்குச் சீசன் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிற பழைய கூட்டாளி. கல்யாணமான புதிதில் ஐந்தருவியில் இவர்கள் இரண்டு பேரையும் அவன் எடுத்திருந்தான். அந்தப் படத்தைக் கடற்கரை அன்றைக்கு வாங்காமல் விட்டிருந்தார். அவர் கை படாத படம் அது ஒன்றுதான்.

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. கடைத் தெருவெல்லாம் நேந்திரங்காய் வறுக்கும் வாசம், ஈரத் துண்டோடு ஜனம். ஏசுதாசன் பாலத்துப் பக்கம் குடையடியில் நின்றான். விஷயத்தைக் கேட்டதும் தொழிலை விட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய், பரண் மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினான்.

"பாதி பூஞ்சை பிடிச்சு ஒட்டிக்கிட்டுலே. இந்த ஊரு ஈரத்துல என்ன நிக்கும்? வா, பாப்போம்."

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் வாசல் வெளிச்சத்துக்கு நேராக ஒவ்வொரு சுருளாகத் தூக்கிப் பார்த்தார்கள். மூன்று மணி வாக்கில் ஏசுதாசன், "ஏலே, இந்தா!" என்றான்.

பூஞ்சை ஓரத்தோடு நின்றிருந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் நிறம், ஆனால் முப்பது வருஷம் பார்த்த கண்ணுக்கு அது ஒரு தடையில்லை. வாலிபக் கடற்கரை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் முத்துசெல்வி, தலை அருவிக்குள் பாதி, வெளியே பாதி. முகம் நேராக, தெளிவாக இருந்தது. அருவிக்குள் தலை கொடுக்கும்போது எல்லாரும் செய்வதுதான். தண்ணீர் ஏறாமல் இருக்க மூக்கைக் கையால் பொத்தியிருந்தாள்.

ஏசுதாசனுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. கடற்கரை முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "அவ என்னலே செய்வா? தண்ணி அடிக்கிற அடி அப்படில்லா" என்றான். கடற்கரை அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

படம் கிடைக்காதென்று ஆன பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முப்பது வருஷம் மூக்கை எடுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு மூக்கை வைக்கத் தெரியாதா? மாலை போட்டிருக்கிற படத்தைத் திரையில் திறந்து, நினைவில் இருப்பதை வரைந்து பார்த்தார். வரவில்லை. காலையில் இரண்டு விரலால் பிடித்ததை விரல் மறக்கவில்லை, திரையில் அது யாரோ ஒருத்தியின் மூக்காகவே வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டினார். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மகள் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கும்போது போனை நீட்டி அவள் முகத்தைப் படம் பிடித்தார். அந்த மூக்கை எடுத்து அவள் அம்மா முகத்தில் பொருத்தினார்.

பொருந்தியது. திரையில் முத்துசெல்வி வந்து நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடற்கரை, ஒரு மூக்கின் மேல் மவுஸைக் கொண்டுபோகக் கூடாதென்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று அப்படியே பிரிண்ட் போட்டார்.

"இந்தா, ஏசுதாசன் பெட்டியில கெடந்துச்சு" என்று மகளிடம் கொடுத்தார்.

குழல்வாய்மொழி இரண்டு கையாலும் வாங்கினாள். பார்த்த மாத்திரத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது. "அம்மா" என்றாள். கடற்கரைக்கு அந்த ஒரு நிமிஷம் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. மதுரை இல்லை, கத்தி இல்லை.

பிறகு அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்தாள். வலது கை மெல்ல எழுந்து தன் மூக்கின் இடது பக்கத்தைத் தடவியது.

"இந்தத் தழும்பு எனக்குல்லா" என்றாள்.

ஊரில் உள்ள அத்தனை பேர் முகத்திலும் தழும்பைத் துடைத்தெடுத்தவர், துடைத்திருக்க வேண்டிய ஒரே ஒரு தழும்பை விட்டுவிட்டார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எம் மூக்க எடுத்து அம்மாவுக்கு வச்சிருக்கீங்க. அப்பம் அம்மாவோடது ஒண்ணுகூட இல்ல, அப்படித்தான?" என்றாள். அவர் படத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. "எங்க ரெண்டு பேரையும் உங்களுக்குப் பிடிக்கவே இல்லப்பா. அத நேராச் சொல்லிருக்கலாம்."

"அப்படி இல்லட்டி..."

"போனக் குடுங்க."

கொடுத்தார். தூங்கும்போது எடுத்த படத்தைத் தேடி அழித்தாள். பிரிண்டை நாலாகக் கிழித்தாள். கம்ப்யூட்டரில் இருந்ததை அவரே மறுநாள் அவமானத்தில் அழித்துவிட்டார். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

ஆடி மாதம் ஆபரேஷன் நடந்தது. கடற்கரையும் கூடப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கத்தி வைப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் நிறுத்திப் படம் எடுப்பார்களாம். அதைக் கேள்விப்பட்டு, ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பேஷண்ட் கேட்டால்தான் தருவோம் என்றார்கள். மகளிடம் போய் அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

முகத்து வீக்கம் வடிய மூன்று மாதம் ஆனது. வடிந்த பிறகு பார்த்தால், டாக்டர் கெட்டிக்காரர்தான். கடற்கரை செய்த படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வந்திருந்தது. நுனி மட்டும் மரத்துப்போயிருப்பதாகச் சொன்னாள். தொட்டால் அடுத்தவர் மூக்கைத் தொட்டதுபோல் இருக்கிறதாம், போகப் போகச் சரியாகுமாம். வீட்டில் அவள் எதிரே வரும்போதெல்லாம் கடற்கரை சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்ப்பார். இப்போது இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. முத்துசெல்வி அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

கார்த்திகையில் புதுப் படம் எடுக்க லேப்புக்கு வந்தாள். கபீர் பாய் தானே விளக்குகளைப் போட்டு எடுத்தார். படம் கடற்கரையின் திரைக்கு வந்தது. கை பழக்கத்தில் மூக்குக்குப் போனது. அங்கே அவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. தழும்பு மட்டும் இடது பக்கத்தில் அப்படியே இருந்தது. அதை விட்டுவிட்டுக் கண்ணுக்கடியில் இருந்த கருப்பை எடுத்தார், முடியைச் சரி பண்ணினார்.

பின்னால் நின்ற குழல்வாய்மொழி குனிந்து திரையைத் தொட்டுக் காட்டினாள். "அந்தத் தழும்பையும் எடுத்துருங்கப்பா."

"அது இருக்கட்டுமேட்டி."

"எடுத்துருங்க."

எடுத்தார். ஒரு விநாடிகூட ஆகவில்லை. பழக்கப்பட்ட விரல்கள் சேவ் பண்ணப் போய், நடுவில் நின்றன. பிறகு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, பழைய படத்தைத் தொடாமல் புதியதை வேறு பெயரில் சேவ் பண்ணினார். மகள் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, தழும்போடு இருந்த படத்தை அதில் பத்திரமாக வைத்தார்.

"எதுக்குப்பா ரெண்டு காப்பி?" என்று அவள் கேட்டாள்.

"கெடக்கட்டும்" என்றார். அந்தப் படத்திலும் முத்துசெல்வியின் மூக்கு இல்லை.